டைம்ஷீட்டில் 8 மணி நேரம், வேலையோ 11 மணி நேரம்: இதை எப்படிக் கேட்பது?

கேள்வி – சோழிங்கநல்லூர் வாசி

வணக்கம். பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்டிங் பிரிவில் பணிபுரிகிறேன். காலை பத்து மணிக்கு உட்கார்ந்தால், அமெரிக்க வாடிக்கையாளருடனான கால் முடிய இரவு ஒன்பதரை ஆகிவிடுகிறது. மென்பொருளை வெளியிடும் ரிலீஸ் உள்ள வாரங்களில் சனிக்கிழமையும் போய்விடும். ஆனால், டைம்ஷீட்டில் (வேலை நேரப் பதிவில்) நாளுக்கு 8 மணி நேரத்துக்கு மேல் பதிய வேண்டாம் என்று எங்கள் குழுவை நடத்தும் லீட் வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறார். கூடுதல் நேரத்துக்கு ஊதியம் கிடையாது. காம்ப் ஆஃப் (கூடுதல் வேலைக்கு ஈடான விடுப்பு) கேட்டால் "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்பார்கள். ஆறரைக்குப் பையை எடுப்பவரிடம் "இன்னிக்கு ஹாஃப் டேவா?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டதால், புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் இதுதான் முறை என்று நம்பத் தொடங்கிவிட்டார்கள். சட்டம் எங்களுக்குப் பொருந்துமா?

பதில் – தொழிற்சங்க ஊழியர்

பொருந்தும். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947இன்படி வேலை நேரம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. ஓவர்டைமைச் சேர்த்தாலும் நாளுக்கு 10, வாரத்துக்கு 54 என்ற வரம்பைத் தாண்டக் கூடாது. அந்த மிகைநேரத்துக்கு இருமடங்கு ஊதியம் தர வேண்டும். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இச்சட்டம் பொருந்தாது என்பதும், விலக்கு அளிக்க அரசுக்கு அதிகாரம் உண்டு என்பதும் உண்மைதான். ஆனால், டெஸ்ட் கேஸ் எழுதி ஓட்டிப் பார்ப்பவரை நிர்வாகி என்று சொல்ல முடியாது. தகவல் தொழில்நுட்ப ஊழியர்கள் சங்கம் அமைக்கத் தடையில்லை என்று தமிழ்நாடு அரசு 2016இலேயே தெளிவுபடுத்திவிட்டது.

பதில் – முன்னாள் புராஜெக்ட் மேனேஜர்

ஊதிய இழப்பைவிடப் பெரிய கேடு ஒன்று இதில் இருக்கிறது. அடுத்த ஒப்பந்தத்துக்கு எத்தனை பேர், எத்தனை நாள் என்று எஸ்டிமேட் போடுபவர், பழைய டைம்ஷீட்டைத்தான் எடுத்து வைத்துக்கொள்கிறார். ஒரு மாட்யூலைச் சோதிக்க உண்மையில் 110 மணி நேரம் ஆகியிருக்க, பதிவில் 80 என்று இருந்தால், அடுத்த முறை அதே அளவு வேலைக்கு 80 என்றே கணக்கிடப்படும். போட்டியில் ஒப்பந்தத்தைப் பிடிப்பதற்காக அதிலும் பத்து விழுக்காடு குறைத்து 72 ஆக்குவார்கள். விடுபட்ட 38 மணி நேரத்தையும் யாரோ சிலர் இரவில் கண் விழித்து ஈடுகட்ட வேண்டியிருக்கும். அவர்களும் அதைப் பதிய மாட்டார்கள். மொத்த வேலைக்கும் ஒரே தொகை என்று பேசி முடித்த ஒப்பந்தங்களில் நிலைமை இன்னும் கடுமையானது, ஏனென்றால் அங்கே வாடிக்கையாளர் கூடுதலாக ஒரு ரூபாயும் தரப்போவதில்லை. கண்டிப்பான மேலாளர் எவரும் இல்லாமலேயே ஒரு குழு நசுங்குவது இப்படித்தான்.

ஆகவே உண்மையான நேரத்தைப் பதியுங்கள். டைம்ஷீட் ஏற்கவில்லையென்றால், அன்றன்று செய்த வேலையையும் தொடங்கி முடித்த நேரத்தையும் லீடுக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். குறை சொல்லும் தொனி வேண்டாம், "இன்று ரிக்ரெஷன் சோதனை, 10.00 முதல் 21.30 வரை" என்ற ஒரு வரி போதும்.

பதில் – சிறுசேரி நண்பர்

தனியாக ஒருவர் இதைச் செய்தால் அப்ரைசலில் (பணி மதிப்பீட்டில்) ரேட்டிங் குறையும், புராஜெக்ட் எதுவும் தராமல் பெஞ்சில் உட்கார வைப்பார்கள். இதைச் சொல்லாமல் அறிவுரை மட்டும் தருவது நியாயமாகாது.

பதில் – தொழிற்சங்க ஊழியர்

அந்த அச்சம் நியாயமானது. அதனால் இதைக் குழுவாகச் செய்யுங்கள். 2023 ஏப்ரலில் தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் தமிழ்நாடு சட்டப்பேரவையில் நிறைவேறியபோது, தொழிற்சங்கங்கள் ஒன்றாக எதிர்த்து நின்றன. மே 1 அன்று அது திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சரே அறிவித்தார். உங்கள் குழுவில் பாதிப் பேராவது ஒரே வாரத்தில் உண்மையான நேரத்தைப் பதியத் தொடங்கினால், ஒருவரை மட்டும் குறிவைப்பது கடினம். பிறகு தொழிலாளர் துறை ஆய்வாளரிடம் போக நேர்ந்தாலும், கையில் அந்த மின்னஞ்சல்கள் இருக்கும்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. எங்கள் குழுவில் நான்கு பேரிடம் பேசிவிட்டேன்; வரும் திங்கட்கிழமை முதல் பதியவிருக்கிறோம். வீட்டிலிருந்து வேலை செய்யும் நாட்களின் நேரத்துக்கு எதைச் சான்றாக வைப்பது என்று யாராவது சொல்ல முடியுமா?