சிரித்தவர்கள் இன்று அழலாமா? கேப்டன் மறைவும் நம் மீம்களும்

விருத்தாசலத்தான் (30 டிசம்பர் 2023)

வியாழக்கிழமை ராத்திரி பஸ் ஏறி, வெள்ளிக்கிழமை காலை தீவுத்திடலில் வரிசையில் நின்று, கேப்டன் விஜயகாந்த் முகத்தை நாலு நொடி பார்த்தேன். அதற்குள் தள்ளிவிட்டார்கள். நாலு நொடி கிடைத்ததே பெரிது. சாயங்காலம் கோயம்பேட்டில் 72 குண்டுகள் முழங்கி நல்லடக்கம் நடந்தபோது ரோட்டோரம் நின்றிருந்தேன்.

ஊர் திரும்பும் பஸ்ஸில் போனைத் திறந்தால் எல்லார் ஸ்டேட்டஸிலும் விஜயகாந்த் படம்தான். அதில் பத்துப் பேரையாவது எனக்கு நேரில் தெரியும். அவர் பேச்சு குழறுவதை வெட்டி ஒட்டிப் பாட்டாக்கி, குரூப் குரூப்பாக அனுப்பியவர்கள். 2022இல் அவர் காலில் விரலை எடுத்தார்கள் என்று செய்தி வந்த அன்றும் ஒருவர் நிறுத்தவில்லை. இந்த மாதம் 14ஆம் தேதி அவர் கட்சியான தே.மு.தி.க.வின் பொதுக்குழு மேடைக்கு அவரை அழைத்து வந்தார்கள். நாற்காலியில் உட்காரவே முடியாமல் இருந்தார். அந்த வீடியோவுக்கும் கீழே சிரிப்புப் பொம்மை. பதினான்கு நாள் கழித்து அதே ஆட்கள் "தங்க மனசுக்காரர்" என்று எழுதுகிறார்கள்.

வயிறு எரிகிறது. உயிரோடு இருந்தபோது கேலி செய்தவர்களுக்கு இப்போது அழுவதற்கு என்ன உரிமை இருக்கிறது? பதில் சொல்ல முடிந்தவர்கள் இந்தப் பதிவுக்குக் கீழே சொல்லுங்கள்.

கல்லூரிப் பேருந்து

அண்ணா, அந்த ஆட்களில் நானும் ஒருவன். மறைக்க விரும்பவில்லை.

நான் 2000இல் பிறந்தவன். எனக்கு அவரைத் தெரிய வந்ததே மீம் வழியாகத்தான். மின்சாரத்துக்கே ஷாக் அடிக்கும் அந்த 'நரசிம்மா' காட்சியை ஹாஸ்டலில் எத்தனை தடவை போட்டுச் சிரித்திருப்போம் என்று கணக்கில்லை. முழுப் படமாக அவர் நடித்தது எதையும் நான் பார்த்ததில்லை. ஆனால் 28ஆம் தேதி காலை செய்தி வந்ததும் ஹாஸ்டலே அமைதியாகிவிட்டது. ஏன் என்று எங்களுக்கே புரியவில்லை. என் அறைத்தோழன்தான் ஒரு பழைய செய்தியை எடுத்துக் காட்டினான். 2020 ஏப்ரலில், கொரோனாவில் இறந்த ஒரு மருத்துவரைச் சென்னையில் அடக்கம் செய்ய விடாமல் கல்லெறிந்தார்களே, அப்போது தன் ஆண்டாள் அழகர் கல்லூரி நிலத்தில் ஒரு பகுதியைக் கொரோனாவில் இறந்தவர்களைப் புதைக்க எடுத்துக்கொள்ளச் சொன்னவர் விஜயகாந்த். அவருடைய மரணமும் கொரோனா உறுதியாகி, நுரையீரல் அழற்சியோடுதான். அதைப் படித்து நான் அழுதது நடிப்பு இல்லை.

யார் என்று தெரியாமல் சிரித்தோம், தெரிந்தபோது அழுதோம். இதில் பொய் எங்கே இருக்கிறது?

வாக்குச்சாவடி

இரண்டு பேரோடும் எனக்கு உடன்பாடில்லை.

நான் 2006இல் முதல் ஓட்டுப் போட்டவன். விஜயகாந்த் கட்சியின் முரசு சின்னத்துக்குத்தான் போட்டேன். தனியாக நின்று எட்டு சதவீதத்துக்கு மேல் ஓட்டு வாங்கினார். இரண்டு கழகங்களுக்கும் மாற்று வந்துவிட்டது என்று நம்பினேன். 2011இல் கூட்டணி வைத்து 29 இடம், எதிர்க்கட்சித் தலைவர் பதவி. 2016இல் பூஜ்யம். உளுந்தூர்பேட்டையில் அவருக்கே டெபாசிட் போனது. ஐந்து வருஷத்தில் அவ்வளவு பெரிய நம்பிக்கை கரைந்ததற்கு மீம் போட்ட பையன்கள் காரணமா? பத்திரிகையாளர்களைப் பார்த்துத் துப்பியதை யாரும் எடிட் செய்யவில்லை, அவரே செய்தது. எதிர்க்கட்சித் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்த ஒருவரைக் கேலி செய்ய மக்களுக்கு உரிமை உண்டு. செத்துப்போனார் என்பதற்காக அந்த உரிமையை நான் திரும்பக் கொடுக்க மாட்டேன்.

என் துக்கம் 2016லேயே முடிந்துவிட்டது. இப்போது அழுகிற யாரையும் நான் தடுக்கவில்லை. அவரை மகானாக்கி வரலாற்றை மாற்றி எழுதாதீர்கள் என்று மட்டும் கேட்கிறேன்.

தென்காசிச் சாரல்

சகோதரர் வாக்குச்சாவடி சொல்வது அரசியல். விருத்தாசலம் அண்ணன் கேட்பது வேறு. இரண்டையும் கலக்காதீர்கள்.

என் அம்மாவுக்கு நாலு வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்தது. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. "தண்ணி" என்று சொல்ல அவருக்கு அரை நிமிஷம் ஆகும். கடைக்கு அழைத்துப் போனால் சின்னப் பையன்கள் சிரிப்பார்கள். ஒருநாள் ஒரு பையன் "கேப்டன் மாதிரி பேசுறாங்க" என்றான். அவனுக்கு எட்டு வயசு இருக்கும். யாரிடமிருந்து கற்றுக்கொண்டான்? அன்றிலிருந்து அம்மா கடைக்கு வருவதில்லை.

கூட்டணி முடிவு தப்பு என்று எழுதுங்கள், சட்டமன்றத்தில் நடந்துகொண்டது தப்பு என்று எழுதுங்கள், நானும் சேர்ந்து எழுதுகிறேன். ஆனால் நீங்கள் எல்லாரும் பகிர்ந்த வீடியோக்களில் அவர் கொள்கை எங்கே இருந்தது? நாக்குதான் இருந்தது. நோய்தான் இருந்தது.

தம்பி கல்லூரிப் பேருந்து, தெரியாமல் சிரித்தேன் என்கிறீர்கள். ஒரு மனிதர் பேச முடியாமல் திணறுகிறார் என்பது தெரிய அவர் வரலாறு எதற்கு?

கல்லூரிப் பேருந்து

அக்கா, இதற்கு என்னிடம் பதில் இல்லை. அம்மாவிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

சாலிகிராமம் பழசு

நான் சினிமாவில் லைட் துறையில் 26 வருஷம் இருந்தவன். இந்த இழையைப் பேத்தி படித்துக் காட்டினாள், நான் சொல்லச் சொல்ல அவளே தட்டச்சு செய்கிறாள்.

சாப்பாட்டுக் கதை எல்லாருக்கும் இப்போது தெரிந்துவிட்டது. ஆனாலும் சொல்கிறேன். அந்தக் காலத்தில் ஷூட்டிங்கில் ஹீரோவுக்கு ஒரு பாத்திரம், டெக்னீஷியனுக்கு ஒரு பாத்திரம், எங்களைப் போன்றவர்களுக்குப் பொட்டலம். சாம்பார் சாதம், இல்லையென்றால் தயிர் சாதம். விஜயகாந்த் படம் என்றால் அவருக்கு என்ன கறியோ அதே கறி எங்கள் இலையிலும் விழும். தி.நகர் ராஜாபாதர் தெருவில் அவரும் அவர் நண்பர், தயாரிப்பாளர் இப்ராஹிம் ராவுத்தரும் வைத்திருந்த அலுவலகத்தில், வாய்ப்புத் தேடி ஊரிலிருந்து வந்த பையன்கள் மதியச் சாப்பாட்டுக்கு வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். யார், என்ன, யார் அனுப்பினார்கள் என்ற விசாரணை கிடையாது. திரைப்படக் கல்லூரி மாணவர்களை நம்பி 'ஊமை விழிகள்' படத்தில் நரைத்த தலையோடு போலீஸ் அதிகாரியாக நடித்ததும் அந்தக் காலத்தில்தான், 1986.

2001இல் சிவாஜி ஐயா இறந்தபோது ஊர்வலத்தில் நெரிசல். நடிகர் சங்கத் தலைவராக இருந்த விஜயகாந்த் கூட்டத்துக்குள் இறங்கி நின்று வழி ஏற்படுத்தினார். நான் பார்த்தேன். சங்கத்தின் கடனை அடைக்க அடுத்த வருஷமே எல்லா நடிகர்களையும் சிங்கப்பூர், மலேசியா கூட்டிப் போய்க் கலைநிகழ்ச்சி நடத்தினார்.

தம்பி விருத்தாசலத்தான், உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் சாப்பிட வந்தவனை யார் என்று கேட்காத மனிதரின் சாவுக்கு வந்தவனை "நீ யார்" என்று கேட்கலாமா?

விருத்தாசலத்தான்

ஐயா, நீங்கள் பெரியவர், கூட இருந்து பார்த்தவர். ஆனால் ஒன்று. அவர் கேட்க மாட்டார், சரி. அதனால் நாமும் கேட்கக் கூடாது என்றால் இதே ஆட்கள் அடுத்த ஆளைத் தேடிப் போவார்கள். இன்னொரு நோயாளி, இன்னொரு நாக்கு.

வாக்குச்சாவடி

விருத்தாசலத்தான், உங்கள் கணக்கை உங்கள் தலைவருக்கே போட்டுப் பாருங்கள். இரண்டு கழகங்களையும் எதிர்த்துத்தான் கட்சி ஆரம்பித்தார். தி.மு.க. ஆட்சியில்தான் மேம்பாலத்துக்காக அவருடைய கல்யாண மண்டபத்தில் ஒரு பகுதி இடிபட்டது. மேடைக்கு மேடை கலைஞரைத் தாக்கினார். 2018இல் கலைஞர் இறந்தபோது அமெரிக்காவில் சிகிச்சையில் இருந்தவர் வீடியோவில் தேம்பி அழுதார். திரும்பி வந்ததும் விமான நிலையத்திலிருந்து நேராக மெரினா போனார். நீங்கள் சொல்கிறபடி அவருக்கு அழ உரிமை இருந்ததா?

விருத்தாசலத்தான்

இருந்தது. எதிர்த்தார், கேலி செய்யவில்லை. கலைஞர் தலைமையில்தான் அவருக்குக் கல்யாணமே நடந்தது. எதிர்த்துப் பேசியபோதும் அந்த மரியாதை உள்ளே இருந்தது, அதனால் அழுகை வந்தது. சக்கர நாற்காலியில் இருந்த கலைஞரைப் பார்த்துச் சிரித்தவர்கள் அன்றைக்கும் ஊரில் இருந்தார்கள். கேப்டன் அந்தக் கூட்டத்தில் இல்லை. சாரல் தங்கச்சி போட்ட கோட்டை நான் ஒப்புக்கொள்கிறேன். நீங்கள் 2016இல் கோபப்பட்டு ஓட்டை மாற்றிப் போட்டீர்கள், அதில் எனக்கு வருத்தம் உண்டு, பகை இல்லை. நான் கேட்டது உங்களை அல்ல.

கல்லூரிப் பேருந்து

அண்ணா, நான் வாங்கிக்கட்டிக்கொள்ளத் தயார். ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். அழ உரிமை இருப்பவர்கள் உண்மையான ரசிகர்கள் மட்டும்தான் என்றால், 28ஆம் தேதி ராத்திரி கோயம்பேட்டில் அஞ்சலி செலுத்த வந்த நடிகர் விஜய் மீது செருப்பு வீசியது யார்? மீம் போடுகிற நாங்கள் அங்கே இல்லை.

சாலிகிராமம் பழசு

அதைப் பார்த்துத்தான் எனக்கு அன்று தூக்கம் வரவில்லை. விஜய் தம்பியின் முதல் படம் ஓடாதபோது, அடுத்த படம் 'செந்தூரபாண்டி'யில் கூட நின்று நடித்துக் கொடுத்தவர் விஜயகாந்த். 1993. தன்னை 'சட்டம் ஒரு இருட்டறை'யில் நிலைநிறுத்திய இயக்குநரின் மகன் என்ற நன்றிக்காக. தான் தூக்கிவிட்ட பையன் கடைசியாக முகம் பார்க்க வந்த இடத்தில் செருப்பு. கேப்டன் எழுந்து உட்கார முடிந்திருந்தால் முதலில் எறிந்தவன் கையைத்தான் பிடித்திருப்பார்.

விருத்தாசலத்தான்

அதற்கு நான் தலைகுனிகிறேன். எறிந்தவன் எங்கள் மன்றத்துக்காரனா, வெளியாளா என்று வாதம் செய்ய மாட்டேன். யாராக இருந்தாலும் எங்கள் வீட்டு வாசலில் நடந்தது.

இரண்டு நாளாக யோசிக்கிறேன். தம்பி, உங்களிடம் உண்மையைச் சொல்கிறேன். 2016இல் தோற்ற அன்று நாங்களும் மன்றத்தைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனவர்கள்தான். அதற்குப் பிறகு அவர் உடம்பு சரியில்லை என்று செய்தி வரும், படிப்பேன், பக்கத்தைத் திருப்புவேன். ஒருமுறையாவது சென்னை போய் வாசலில் நின்றிருக்கலாம். போகவில்லை. வியாழக்கிழமை பஸ் ஏறத் தெரிந்த எனக்கு அதற்கு முன்னால் ஏழு வருஷம் ஏறத் தெரியவில்லை. என் எரிச்சலில் பாதி அதுதான் என்று இன்று காலைதான் பிடிபட்டது.

ஆனாலும் மீதிப் பாதி உங்கள் மேல்தான். அதை விடமாட்டேன்.

தென்காசிச் சாரல்

அண்ணன் மீதிப் பாதியை விட வேண்டாம். தம்பி, அந்த வீடியோக்கள் உங்கள் பக்கத்தில் இன்னும் இருக்கின்றனவா?

கல்லூரிப் பேருந்து

நேற்று ராத்திரி உட்கார்ந்து தேடி எடுத்தேன் அக்கா. மூன்று வருஷத்தில் பதினேழு பதிவு. நோயைக் கிண்டல் செய்ததை எல்லாம் அழித்துவிட்டேன், ஹாஸ்டல் குரூப்பிலும் சொன்னேன். இரண்டு பேர் அழித்தார்கள். ஒருவன் என்னைக் குரூப்பை விட்டு எடுத்துவிட்டான். மின்சாரக் காட்சியை மட்டும் அழிக்கவில்லை. அது படம், அவர் நடித்தது, அதைப் பார்த்தால் இப்போதும் சந்தோஷமாக இருக்கிறது.

வாக்குச்சாவடி

அது இருக்கட்டும் தம்பி. எனக்கும் பிடிக்கும். ஒன்று சொல்லாமல் விட்டேன்: 2006 பிரச்சாரத்தில் எங்கள் ஊர் வழியாக அவர் வேன் போனபோது ரோட்டில் நின்று கை அசைத்தேன். திருப்பி அசைத்தார். இன்றைக்கு வீட்டில் இதைச் சொல்லும்போது குரல் கம்மிவிட்டது. மேலே எழுதிய எதையும் மாற்றவில்லை, அரசியல் தீர்ப்பு அப்படியேதான் நிற்கிறது.

கல்லூரிப் பேருந்து

பழசு ஐயா, விருத்தாசலம் அண்ணா, அவர் படம் முழுசாகப் பார்க்க வேண்டும் என்றால் எதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்?

சாலிகிராமம் பழசு

'ஊமை விழிகள்'. லைட்டை அணைத்துவிட்டுப் பாருங்கள்.

விருத்தாசலத்தான்

ஐயா மன்னிக்கணும், முதலில் 'வைதேகி காத்திருந்தாள்'. 1984. அந்த ஒரு வருஷத்தில் மட்டும் 18 படம் வந்தது அவருக்கு, அதில் இது ஒன்று. சண்டை, வசனம் என்று நீங்கள் கேள்விப்பட்ட விஜயகாந்த் அதில் இருக்க மாட்டார். காதலித்தவளை இழந்துவிட்டு, அழுக்கு வேட்டியோடு ஒரு கிராமத்தில் தண்ணீர் சுமந்து வாழ்கிற வெள்ளைச்சாமி. அவன் மனசுக்குள் என்ன இருக்கிறது என்று அந்த ஊரில் யாருக்கும் தெரியாது. பார்த்துவிட்டு இங்கேயே வந்து எழுதுங்கள் தம்பி. பொங்கல் வரைக்கும் நான் தினமும் வந்து பார்ப்பேன்.