பூட்டைத் திறந்த கை

பக்கவாதத்தை நேரில் பார்த்த நாலு பேர் ஒவ்வொருவராகச் சொன்னது.

அப்பா காலையில் சட்டை போட்டுக்கொண்டிருந்தார். மூன்றாவது பொத்தானில் நின்றுவிட்டார். வலது கை விரல்கள் பொத்தானைத் தடவுகின்றன, பிடிக்க வரவில்லை. "கை மரத்துப் போச்சுடா, ராத்திரி அமுக்கிப் படுத்திருப்பேன்" என்றார். நானும் நம்பி உட்கார்ந்து தேய்த்துவிட்டேன். இருபது நிமிஷமாவது போயிருக்கும். இன்றைக்கும் உறுத்துவது அந்த இருபது நிமிஷம்தான்.

அதற்குள் பேச்சு குழறியது. அம்மா எதிரே வந்து நின்று, "ஏங்க, கொஞ்சம் சிரிங்க பாப்போம்" என்றார். சிரித்தார். வாயின் வலது ஓரம் அசையவே இல்லை. கண்ணை மூடி இரண்டு கையையும் முன்னால் நீட்டச் சொன்னோம். வலது கை மெல்லக் கீழே இறங்கியது. அது இறங்குவதே அவருக்குத் தெரியவில்லை. உடனே ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தோம்.

அவசரப் பிரிவில் டாக்டர் முதலில் கேட்டது, "கடைசியா எத்தனை மணிக்கு நல்லா இருந்தார்?" எனக்கு வாயடைத்துப்போனது. தூங்கி எழும்போதே அப்படி இருந்திருந்தால், முந்தைய இரவு படுத்த நேரத்திலிருந்துதான் கணக்கு என்றார். அம்மாவுக்குத்தான் ஞாபகம் வந்தது: "6 மணிக்கு வாசல் பூட்டை அவர்தான் திறந்தார். வலது கையாலதான்." அந்த ஒரு வார்த்தையில் கணக்கு மாறியது. மூளை ரத்தக்குழாயில் இருக்கும் அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை என்று பார்த்த பிறகு போட்டார்கள். இப்போது நடக்கிறார். கையெழுத்துதான் பழையபடி வரவில்லை.

*

எனக்கே நடந்தது. போனில் பேசிக்கொண்டிருந்தபோது சொல்ல வந்த வார்த்தை வரவில்லை. மனசுக்குள் இருக்கிறது, நாக்குக்கு வரமாட்டேன் என்கிறது. பத்து நிமிஷத்தில் சரியாகிவிட்டது. வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் அக்காவிடம் விளையாட்டாகச் சொல்ல, அவள் விடாமல் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள். தானாகச் சரியானாலும் அது பக்கவாதம் வரலாம் என்பதற்கான எச்சரிக்கையாம். முதல் இரண்டு நாள்தான் அபாயம் மிக அதிகமாம். அதில் ஒரு நாளை நான் சும்மா கழித்திருந்தேன். ஈ.சி.ஜி.யில் இதயத் துடிப்பு ஒழுங்கில்லாமல் இருப்பது தெரிந்தது. ரத்தம் உறையாமல் இருக்க இப்போது தினமும் மாத்திரை.

*

சிரிப்பு, கை, பேச்சு மூன்றும் சரியாக இருந்தும் என் மாமியாருக்கு பக்கவாதம்தான். திடீரென்று தலை சுற்றல், எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது, எழுந்தால் ஒரு பக்கமாகச் சாய்ந்தார். காதுக் கோளாறு என்று நினைத்து மாலை வரை படுக்கவைத்துவிட்டோம். மூளையின் பின்பகுதியில் அடைப்பு. இன்னமும் சுவரைப் பிடித்துத்தான் நடக்கிறார். அந்த மூன்றும் சரியாக இருக்கிறதே என்று தயவுசெய்து வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள்.

*

அவசரப் பிரிவில் வேலை செய்கிறேன். மேலே சொன்ன இருபது நிமிஷத்துக்காக அந்தத் தம்பி நொந்துகொள்ள வேண்டாம். இரண்டு நாள் தேய்த்துவிட்டு வருகிறவர்களையும் பார்க்கிறோம். ஆனால் நாலரை மணி நேரம் இருக்கிறதே என்று நிதானமாகக் கிளம்பாதீர்கள். பெரிய ரத்தக்குழாய் அடைத்தால் நிமிஷத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பு செல்கள் அழிவதாகக் கணக்கு. நேரம் தாண்டிவிட்டது என்று வராமலும் இருக்காதீர்கள். சிலருக்கு 24 மணி நேரம் வரைகூடக் குழாய் விட்டு அடைப்பை எடுக்க முடிகிறது.

வாயில் தண்ணீர்கூட ஊற்றாதீர்கள், விழுங்க முடியாமல் நுரையீரலுக்குள் போய்விடும். ஆஸ்பிரினும் வேண்டாம். அடைப்பா கசிவா என்பது ஸ்கேன் எடுக்காமல் எங்களுக்கே தெரியாது. சர்க்கரை இறங்கினாலும் இதே மாதிரி இருக்கும், அதை நாங்கள் வந்தவுடன் பார்த்துவிடுவோம். கிளம்பும்போது அவர் சாப்பிடுகிற மாத்திரை அட்டைகளை மட்டும் அப்படியே பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா என்று தெரியாமல் அந்த ஊசியைப் போட முடியாது. போன வாரம்கூட ஒருவரைப் படுக்கவைத்துவிட்டு, அவர் மகன் வீட்டுக்குப் போன் போட்டு மாத்திரைப் பெயரை எழுத்துக்கூட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.