இஎம்டிஆர் (அதிர்ச்சி நினைவுகளுக்கான கண் அசைவுச் சிகிச்சை): பதட்ட மதிப்பு 5-லேயே நிக்குது

வளவுவீடு:
தேவகோட்டை ரோட்டு விபத்துல தப்பிச்ச ஆச்சி, 62 வயசு. இந்தச் சிகிச்சையில பதட்டம் (0-லேருந்து 10 வரைக்குமான அளவுல) 8-லேருந்து 5-க்கு வந்துச்சு, அப்புறம் அசையல. பாதியில தலைசுத்துதுங்கிறாங்க. என்ன பண்ணலாம்?

செம்மண்:
தலைசுத்தலை முதல்ல பாருங்க. விபத்துல தலையில அடிபட்டிருந்தா டாக்டர் பார்க்காம மேல போகாதீங்க. கண் அசதிதான்னா, கண்ணால பின்தொடர விரலை ஆட்டுறதை விட்டுட்டு, அவங்க ரெண்டு கையிலயும் மாறி மாறித் தட்டுங்க. ஒரு சுற்றுக்கு 24 தடவை போல. ரெண்டு சுற்று மாற்றமே இல்லைன்னா வேகத்தையோ திசையையோ மாத்துங்க.

ஆத்தங்குடிக்கல்:
சுற்றுகளுக்கு நடுவுல எவ்வளவு பேசுறீங்க? "மூச்சை விடுங்க ஆச்சி, இப்ப என்ன வருது?" அவ்வளவுதான். ஆறுதல் சொன்னா நினைவோட்டம் அறுந்துடும் (பாதிப் பேர் கோட்டை விடுறது இங்கதான்). அப்பவும் 5-னா அடியில பழைய நினைவு ஒண்ணு இழுக்கலாம். "இதுக்கு முன்னாடி உடம்பு இப்படி எப்பப் பதறுச்சு?"ன்னு கேளுங்க.

செம்மண்:
இன்னொண்ணு, 5-ல அப்படியே எழுப்பி அனுப்பிடாதீங்க. கடைசிப் பத்து நிமிஷம் அவங்க மனசுல நினைச்சுப் பார்க்கிற பாதுகாப்பான இடத்துக்குக் கூட்டிட்டு வாங்க. வளவுல (வீட்டு முற்றத்துல) மழைத்தண்ணி விழுற சத்தம்னாலும் சரி. அதைத் தயாரிப்புக் கட்டத்துலேயே பழக்கியிருக்கணும். பழக்கலைன்னா அந்த 2-ஆம் கட்டத்துக்கே திரும்புங்க.