உணவு மோசடியை எழுதியது சட்டமானபோது: எங்கே எது வேலை செய்தது? புனைபெயரில் நால்வர் பேசுகிறார்கள்

ஏட்டுக்கட்டு:

'தி ஜங்கிள்' நாவல் வந்தது, அமெரிக்கா கொதித்தது, நாலு மாதத்தில் சட்டம் வந்தது என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். எழுத்தில் இறங்க நினைப்பவர்களுக்கு அந்த நாலு மாதத்துக்குள் நடந்ததுதான் பாடம்.

1904 இறுதியில், நாவலை எழுதிய அப்டன் சின்க்ளேர் சிகாகோ இறைச்சிக் கூடங்களுக்குப் போனார். ஏழு வாரம் இருந்தார். பழைய உடையும் கையில் ஒரு சாப்பாட்டுத் தூக்கும் இருந்தால் போதும், எந்தக் கொட்டகைக்குள்ளும் கேள்வியில்லாமல் நடக்கலாம் என்று கண்டுகொண்டார். பகலில் பார்ப்பது, மாலையில் தொழிலாளர் வீடுகளில் உட்கார்ந்து கேட்பது, ராத்திரி குறிப்பெழுதுவது. 1905 பிப்ரவரியிலிருந்து 'அப்பீல் டு ரீசன்' வார இதழில் தொடராக வந்தது. புத்தகமாகப் போட முதலில் கேட்ட பதிப்பகம் மறுத்துவிட்டது. 1906 பிப்ரவரியில் வெளியிட்ட டபுள்டே நிறுவனமோ, அச்சேற்றும் முன்பு தன் வக்கீலை சிகாகோவுக்கு அனுப்பி, எழுதியது உண்மையா என்று பார்த்துவரச் சொன்னது. இந்தச் சரிபார்ப்பைப் பலரும் பேசுவதில்லை. மறுப்பு வரும் என்று தெரிந்தே அதற்கு முன்கூட்டித் தயாரான வேலை அது.

அடுத்தது இன்னும் முக்கியம். விசாரணையை ஜனாதிபதி ரூஸ்வெல்ட் முதலில் வேளாண் துறையிடம் கொடுத்தார். நாவல் குற்றம் சாட்டியதே அந்தத் துறையின் ஆய்வாளர்களைத்தான். அவர்கள் தங்கள் ஆட்களுக்குப் பரிந்தே அறிக்கை தந்தார்கள். அதனால் துறைக்கு வெளியே இருந்த இரண்டு பேரை அனுப்பினார்: தொழிலாளர் துறை ஆணையர் சார்லஸ் நீல், சமூகப் பணியாளர் ஜேம்ஸ் ரெனால்ட்ஸ். அவர்கள் அறிக்கையில் ஓர் இடம்: வெட்டிச் சுத்தம் செய்த பன்றி ஒன்று கம்பியிலிருந்து நழுவி அழுக்கு மரத்தரையில் விழுந்து, பாதி உடல் ஆண்கள் கழிப்பறைக்குள் சறுக்கிப் போகிறது. இரண்டு பேர் அதைத் தூக்கி வண்டியில் போட்டு, கழுவாமலே குளிர் அறையில் மற்ற உடல்களோடு தொங்கவிடுகிறார்கள். இவ்வளவுதான். ஆவேசம் ஒன்றும் காட்டவில்லை. நாவல் எழுப்பிய சந்தேகத்தைத் தீர்த்து வைத்தது இந்த வறண்ட வாக்கியங்கள்தான். ஆட்கள் கொழுப்புத் தொட்டியில் விழுந்து அப்படியே பன்றிக் கொழுப்பாக விற்பனைக்குப் போனார்கள் என்று நாவலில் வருவதற்கு மட்டும் ஆதாரம் கிடைக்கவில்லை.

ரூஸ்வெல்ட் அறிக்கையை உடனே வெளியிடாமல் கையில் வைத்துக்கொண்டார். மசோதாவுக்கு வழிவிடுங்கள், இல்லாவிட்டால் வெளியே வரும் என்பது நிலைமை. கம்பெனிகள் நாடாளுமன்றக் கீழவையில் இழுத்தடித்தன. ஜூன் 4 அன்று அறிக்கை அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்குப் போனது. ஜூன் 30 அன்று இறைச்சி ஆய்வுச் சட்டமும் தூய உணவு, மருந்துச் சட்டமும் கையெழுத்தாயின.

கிடைத்தது: வெட்டும் முன்பும் பின்பும் பரிசோதனை, பதப்படுத்தும் இடத்திலும் ஆய்வு, சுகாதார விதிகள். கைவிட்டுப் போனது: டப்பாவில் தயாரித்த தேதி போட வேண்டும் என்ற பிரிவு. ஆய்வுச் செலவைக் கம்பெனிகளே ஏற்க வேண்டும் என்பதும் போய், ஆண்டுக்கு 30 லட்சம் டாலர் அரசு கஜானாவிலிருந்து என்று ஆனது. தேதியை விட்டதுதான் பெரிய இழப்பு என்பேன். ஆய்வாளர் முத்திரை கூடத்தோடு நின்றுவிடும், தேதி வாங்குபவர் கைவரைக்கும் வரும். ஒரே மாநிலத்துக்குள் விற்கும் கூடங்கள் இந்தச் சட்டத்துக்கு வெளியே இருந்தன. அவற்றுக்கும் இதே தரம் வேண்டும் என்று சட்டம் வர 1967 ஆயிற்று.

நாவலின் பெரும்பகுதி கூலி, காயம், வாடகை வீடு பற்றியது. இறைச்சி அசுத்தம் சில பக்கங்கள்தான். சட்டத்திலோ தொழிலாளிக்கு ஒரு வரிகூட இல்லை. மக்கள் இதயத்தைக் குறிவைத்தேன், அடி வயிற்றில் விழுந்துவிட்டது என்று சின்க்ளேரே வருந்தினார்.

டிகாஷன்:

அரை நூற்றாண்டு பின்னால் போனால் லண்டன். அங்கே ஆயுதம் நுண்ணோக்கி. மருத்துவர் ஆர்தர் ஹில் ஹசல் கடை கடையாக மாதிரி வாங்கிச் சோதித்தார். 1851 முதல் 1854 வரை 'தி லான்செட்' மருத்துவ இதழில் முடிவுகள் வந்தன. ஆசிரியர் தாமஸ் வேக்லி எடுத்த முடிவுதான் அதற்கு உயிர்: கடைக்காரர் பெயர், முகவரி எல்லாம் அச்சில் வரும். சுத்தமாக விற்றவர் பெயரும் வரும். இரண்டாவதை மறக்காதீர்கள். நல்ல கடைக்கும் பெயர் கிடைப்பதால், எல்லா வியாபாரிகளும் ஒன்றுசேர்ந்து எதிர்க்கக் காரணம் இல்லாமல் போகிறது.

காப்பித்தூளில் சிக்கரி கலந்ததை வேதிச் சோதனையால் பிரிக்க முடியாது என்றுதான் அதுவரை நினைத்திருந்தார்கள். செடியின் திசு வறுத்தாலும் அரைத்தாலும் அடையாளம் இழப்பதில்லை என்று ஹசல் காட்டினார். சிக்கரி வேர், காப்பி விதை. வேரில் இருக்கும் குழாய் அமைப்பு விதையில் கிடையாது. நம் அடுக்களைச் சோதனைக்கு அடிப்படை வேறு: கண்ணாடி டம்ளரில் பச்சைத் தண்ணீர் விட்டு, மேலே அரை ஸ்பூன் தூள் தூவுங்கள், கலக்க வேண்டாம். காப்பியில் எண்ணெய் இருப்பதால் மிதக்கும். சிக்கரி சட்டென்று தண்ணீரை இழுத்துக்கொண்டு பழுப்புக் கோடு விட்டபடி கீழே இறங்கும். வெந்நீர் விட்டால் இரண்டும் சாயம் விடும், சோதனை கெடும். சிக்கரி கலப்பது இந்தியாவில் குற்றமில்லை. 51 சதவீதமாவது காப்பி இருக்க வேண்டும், அளவைப் பாக்கெட்டில் போட வேண்டும். சொல்லாமல் கலப்பதுதான் மோசடி.

ரொட்டியில் படிகாரம், மிட்டாயில் ஈயச் சாயம் என்று கட்டுரைகள் அடுக்கிய பிறகு 1855-ல் நாடாளுமன்றக் குழு விசாரித்தது. ஆனாலும் சட்டம் வரவில்லை. 1858 அக்டோபர் இறுதியில் பிராட்ஃபோர்டு நகரில் சர்க்கரைச் செலவைக் குறைக்க மிட்டாயில் வழக்கமாகக் கலக்கும் மலிவுத் தூளுக்குப் பதில், மருந்துக்கடைப் பையன் தவறுதலாக வெள்ளைப் பாஷாணத்தைக் கொடுத்துவிட்டான். சுமார் 20 பேர் இறந்தார்கள், 200 பேருக்கு மேல் படுத்தார்கள். யாருக்கும் தண்டனை இல்லை. 1860-ல் சட்டம் வந்தது. அதிலும் ஓட்டை: பகுப்பாய்வாளரை நியமிப்பதும் நியமிக்காததும் உள்ளாட்சியின் விருப்பம். பெரும்பாலும் நியமிக்கவில்லை. 1875 சட்டம்தான் உறுதியாக நின்றது. வாங்குபவர் கேட்ட தன்மையில், பொருளில், தரத்தில் இல்லாததை அவருக்குப் பாதகமாக விற்பதே குற்றம் என்று அது வரையறுத்தது.

பால்மானி:

பெயர் போடுவது பற்றி டிகாஷன் சொன்னதோடு சீனப் பால்மாவு விஷயத்தையும் சேர்க்கிறேன். 2008-ல் குழந்தைகளுக்குச் சிறுநீரகக் கல் வருவதைப் பத்திரிகைகள் 'ஒரு கம்பெனியின் பால்மாவு' என்றுதான் எழுதின. எந்த டப்பாவை ஒதுக்குவது என்று எந்தத் தாய்க்கும் தெரியவில்லை. செப்டம்பர் 11 அன்று ஷாங்காய் நாளிதழ் நிருபர் ஜியான் குவாங்ஜோ 'சான்லு' என்று பெயரை எழுதினார். அன்றே கம்பெனி திரும்பப் பெறும் அறிவிப்பை வெளியிட்டது. 6 குழந்தைகள் இறந்தன, பாதிக்கப்பட்டவை சுமார் 3 லட்சம். புதிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2009 ஜூனில் அமலானது.

மோசடியின் வேர் சோதனை முறையிலேயே இருந்தது. கெல்டால் சோதனை புரதத்தை நேராக அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து, பாலுக்கு 6.38-ஆல் பெருக்கிப் புரதம் என்று சொல்லும். பாலில் கலந்த மெலமைன் என்ற வேதிப்பொருளின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். தண்ணீர் கலந்த பாலும் அதனால் தேறிவிட்டது. எந்தக் கருவி எதை அளக்கிறது என்று தெரியாமல் 'ஆய்வில் தேறியது' என்று எழுதினால் நாமும் ஏமாந்தவர்களாகிறோம்.

கரைவலை:

ஏட்டுக்கட்டு சொன்ன அந்தக் குறை, தொழிலாளி விடுபட்டது, நூறு வருஷம் கழித்து ஓரளவு வேறு வகையில் கையாளப்பட்டது. 2015-ல் அசோசியேட்டட் பிரஸ் செய்தியாளர்கள் நால்வர், எல்லாரும் பெண்கள், இந்தோனேசியாவின் பென்ஜினா என்ற தீவுக் கிராமத்தில் மீன்பிடி அடிமைகளைக் கண்டார்கள். பெரும்பாலும் பர்மியர்கள், சிலர் கூண்டுக்குள். அடிமைகள் இருக்கிறார்கள் என்று முன்பே பலர் எழுதியிருந்தார்கள். அந்த மீன் யார் தட்டுக்குப் போகிறது என்ற கண்ணிதான் விட்டுப்போயிருந்தது.

அதை இப்படிக் கோத்தார்கள். பென்ஜினாவில் மீன் ஏற்றிய சரக்குக் கப்பலைச் செயற்கைக்கோள் வழியாகத் தாய்லாந்தின் சமுத் சாகோன் வரை தொடர்ந்தார்கள். துறைமுகத்தில் இறக்கிய மீன் எந்தெந்த லாரியில் எந்த ஆலைக்குப் போனது என்று பின்னாலேயே போய்க் குறித்தார்கள். அந்த ஆலைகள் யாருக்கு ஏற்றுமதி செய்கின்றன என்பதை அமெரிக்கச் சுங்க ஆவணங்களில் எடுத்தார்கள். நடுவில் ஆலையில் எல்லா மீனும் ஒன்றாகக் கலந்துவிடும், இந்தப் பாக்கெட்டில் இந்த அடிமை பிடித்த மீன் என்று சொல்ல முடியாது. அதையும் மறைக்காமல் எழுதினார்கள். வக்கீல் நோட்டீஸ் வரும் இடம் அதுதான்.

படத்தில் முகம் தெரிந்தவர்களைத் தீவிலிருந்து பத்திரமாக வெளியேற்றிய பிறகுதான் மார்ச் 25 அன்று செய்தி வந்தது. செய்தியை முந்தித் தரும் ஆசையை அடக்கிக் காத்திருந்தார்களே, அதற்காகவே அவர்களைக் கும்பிட வேண்டும். அதன்பின் 2,000-க்கும் மேற்பட்டோர் விடுவிக்கப்பட்டார்கள். உள்நாட்டுத் தேவைக்குப் போதாவிட்டால் கட்டாய உழைப்புப் பொருளையும் இறக்குமதி செய்யலாம் என்று 1930 அமெரிக்கச் சுங்கச் சட்டத்தில் இருந்த விலக்கு 2016 பிப்ரவரியில் நீக்கப்பட்டது.

டிகாஷன்:

நம் ஊரில் எழுத நினைப்பவர்களுக்கு ஒன்று. 2006 உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டத்தின் 40-ஆவது பிரிவுப்படி, வாங்குகிற எவரும் கட்டணம் கட்டிப் பொருளை உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கக் கொடுக்கலாம். ஆனால் வாங்கும்போதே, சோதனைக்குக் கொடுக்கப் போகிறேன் என்று கடைக்காரரிடம் சொல்லியாக வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான். வீட்டுக்குக் கொண்டுவந்து பிரித்துப் பார்த்துச் சந்தேகம் வந்த பிறகு கொடுத்தால், நீங்களே கலந்தீர்கள் என்பார்கள். கூட ஒருவரை அழைத்துப் போங்கள். ரசீது கேட்டு வாங்குங்கள், பாக்கெட்டின் லாட் எண்ணைப் படம் எடுங்கள், பிரிக்காமல் கொடுங்கள். குற்றம் உறுதியானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும்.