1972 மார்ட்டின் டி-28 கிட்டார் வாங்கலாமா? ஆக்‌ஷன் உயரமா இருக்கு, உதவி வேணும்

கதிர்:
நியூஜெர்சியில ஒருத்தர் பழைய மார்ட்டின் டி-28 கிட்டார் விக்கிறார். சீரியல் ஆறு இலக்கம், 30-ல ஆரம்பிக்குது. பின்பலகை பிரேசில் ரோஸ்வுட்னு சொல்றார். ஆக்‌ஷன் (விரல்பலகைக்கு மேல தந்தி நிக்கிற உயரம்) கொஞ்சம் உயரம், சேடிலை (தந்திகள் மேல உக்கார்ற சின்னப் பட்டை) தேய்ச்சா சரியாயிடுமாம். பிக்கார்டு (மேல்பலகையைக் கீறலிலிருந்து காக்க ஒட்டுற தகடு) ஓரமா மெல்லிய விரிசல் ஒண்ணு. நாளைக்குத் திரும்பப் போய்ப் பார்க்கலாம். என்னென்ன அளக்கணும்?

தந்திவாசி:
முதல்ல மரம். மார்ட்டின் 1971-ஐ முடிச்சது 294270-ல, 1972-ஐ 313302-ல. அதனால வருஷம் 1972தான். ஆனா டி-28ல பிரேசில் மரம் 1969 கடைசியோட நின்னுபோச்சு. இது இந்திய ரோஸ்வுட், நம்ம மேற்குத் தொடர்ச்சி மலை ஈட்டி. அருமையான மரம்தான், ஆனா பிரேசில் விலை கொடுக்காதீங்க.

அளக்கறதுக்கு முன்னாடி தந்திகளை முழு ஸ்ருதிக்கு ஏத்துங்க. தளர்த்தி வெச்சிருந்தா எல்லா அளவும் நல்லாவே காட்டும். 12-ஆம் ஃப்ரெட்டுக்கு (விரல்பலகையில குறுக்கே பதிச்ச கம்பி) மேல ஆறாம் தந்தியும் முதல் தந்தியும் எவ்வளவு உயரத்துல இருக்குன்னு எடுங்க, முறையே 2.4, 1.6 மி.மீ. இருந்தா நல்லது. சேடில் பிரிட்ஜுக்கு (அது பதிஞ்சிருக்கிற மரக்கட்டை) மேல எவ்வளவு தெரியுதுன்னு பாருங்க. அப்புறம் நேர்க்கோலை ஃப்ரெட்டுகள் மேல வெச்சு பிரிட்ஜ் பக்கம் நீட்டுங்க. கோல் பிரிட்ஜோட மேல்தளத்தைத் தொடணும். கீழ இடிச்சா நெக் (கிட்டார் கழுத்து) முன்னால சாய்ஞ்சிருக்கு.

கதிர்:
பார்த்துட்டேன். ஆறாம் தந்தி 3.5, முதல் தந்தி 2.6 மி.மீ. சேடில் 2 மி.மீ.தான் வெளியே தெரியுது. கோல் பிரிட்ஜ் மேல்தளத்துக்கு 2 மி.மீ. கீழ இடிக்குது. ட்ரஸ் ராடை (நெக் உள்ளே இருக்கிற கம்பி) திருப்பினா சரியாகுமா?

தந்திவாசி:
அதுல திருப்புற ட்ரஸ் ராடே கிடையாது. மார்ட்டின் அதைக் கொண்டுவந்தது 1985-ல. உங்களோடதுல இருக்கிறது வெறும் சதுர எஃகுக் குழாய். திருப்ப முடிஞ்சாலும் அது நெக்கோட வளைவைத்தான் மாத்தும், சாய்வை மாத்தாது.

சேடில் கணக்கு இப்படி: 12-ஆம் ஃப்ரெட்ல 1 மி.மீ. இறக்க சேடில்ல 2 மி.மீ. எடுக்கணும். உங்களுக்கு 1.1 இறங்கணும், அதாவது 2.2 எடுக்கணும். இருக்கிறதே 2. விக்கிறவர் சொன்ன வழி நடக்காது, நெக் ரீசெட்தான். 15-ஆம் ஃப்ரெட்டைக் கழட்டி, அந்தப் பள்ளத்துல ஓட்டை போட்டு நீராவி விட்டு டவ்டெயிலை (நெக்கும் உடலும் சேர்ற மூட்டு) பிரிப்பாங்க. நெக்கோட அடிக்கட்டையைச் சீவி கோணம் மாத்தி ஒட்டுவாங்க. புது சேடிலும் வேணும். 500 டாலருக்குக் குறைவா எதிர்பார்க்காதீங்க.

கருங்காலி பிரிட்ஜோட தடிமனையும் பாருங்க. 8–9 மி.மீ. இருக்கணும். யாராவது முன்னாடியே சீவியிருந்தா, சாய்வு கோல் காட்டுறதைவிட மோசம், பிரிட்ஜும் மாத்தணும்.

மரப்பட்டறை:
இந்த வருஷங்கள்ல இன்னொரு தலைவலி, பிரிட்ஜை இடம் தப்பி ஒட்டியிருப்பாங்க. ட்யூனர் வெச்சு ஒவ்வொரு தந்தியிலும் 12-ஆம் ஃப்ரெட் ஹார்மோனிக்கையும் (அழுத்தாம லேசா தொட்டு மீட்டினா வர்ற ஸ்வரம்), அதே ஃப்ரெட்டை அழுத்தி வர்ற ஸ்வரத்தையும் ஒப்பிடுங்க. அழுத்தின ஸ்வரம் 10 சென்ட்டுக்கு (அரைஸ்வரத்துல நூத்துல ஒரு பங்கு ஒரு சென்ட்) மேல ஏறினா சேடில் பள்ளத்தை அடைச்சு, பின்னால தள்ளி வெட்டணும். உயர்ந்த ஆக்‌ஷனும் கொஞ்சம் ஏத்தும், அதனால ரீசெட் முடிஞ்சு திரும்ப அளந்துட்டு வெட்டச் சொல்லுங்க.

விரிசல் இந்தக் காலத்து மார்ட்டின்ல சகஜம். பிக்கார்டை வார்னிஷ் இல்லாத வெறும் மரத்துல ஒட்டினாங்க. அது சுருங்கும்போது மேல்பலகை ஸ்ப்ரூஸ் மரத்தையும் சேர்த்து இழுக்கும். விரிசலோட ரெண்டு பக்கமும் மெதுவா அழுத்துங்க. அசைஞ்சா திறந்த விரிசல்: பிக்கார்டை எடுத்து, பசை விட்டு, உள்ளே சின்ன மரத்துண்டு ஒட்டணும். அசையலைன்னா பேரம் பேச மட்டும் போதும்.

சின்னக் கண்ணாடியும் டார்ச்சும் உள்ளே விட்டு பிரிட்ஜ் பிளேட்டை (பிரிட்ஜுக்கு நேர் கீழே உள்பக்கம் ஒட்டின பலகை) பாருங்க. தந்திக் குண்டு பலகையில உக்காரணும். ஓட்டைக்குள்ள இறங்கியிருந்தா பிளேட் தேய்ஞ்சிருக்கு. அப்புறம் மேல்பலகையை விரல் நுனியால தட்டிட்டே வாங்க. சலசலன்னு ஒரு இடம் கேட்டா பிரேஸ் (பலகையை உள்ளே தாங்குற கட்டை) ஒட்டு விட்டிருக்கு.

கதிர்:
விரிசல் அசையுது. அவரே முதல் உரிமையாளர். மார்ட்டின் வாரண்டி எனக்கு வருமா? சென்னைக்கு எடுத்துட்டுப் போனா பிரச்சினையா?

தந்திவாசி:
வாரண்டி முதல்ல வாங்கினவருக்கு மட்டும். அவர் பேர்ல இருக்கும்போதே கம்பெனியில கேட்டுப் பார்க்கச் சொல்லுங்க. செய்து கொடுத்தா அப்புறம் விலை பேசலாம். இல்லைன்னா நிஜமா விற்ற விலைகளைத் தேடி, அதுல ரீசெட்டையும் விரிசல் செலவையும் கழிச்சு ஒரு தொகை சொல்லுங்க. போட்டிருக்கிற விலையை வெச்சு கணக்குப் போடாதீங்க.

சென்னைக்கு: தயாரான இசைக்கருவியில இருக்கிற இந்திய ரோஸ்வுட்டுக்கு 2019 நவம்பர்ல சைட்டீஸ் (அருகிவரும் உயிரின வர்த்தகத்தைக் கட்டுப்படுத்துற சர்வதேச ஒப்பந்தம்) விலக்கு வந்துடுச்சு. பிரேசில் மரத்துக்கு அந்த விலக்கு இல்லை, அது 1992-லேர்ந்து முதல் பட்டியல்ல, அதாவது கட்டுப்பாடு மிகக் கடுமையான பட்டியல்ல. அதனால ரசீதுல "இந்திய ரோஸ்வுட், 1972", சீரியல் எண்ணோட எழுதி வாங்குங்க. அவர் "பிரேசில்"னு எழுதிக் கொடுத்தா மாட்டப்போறது நீங்க.