‘ட்ரிகர் புல்’: இழுவையா, விடுபளுவா?

வணக்கம். குழல்வாய் வழியே வெடிமருந்து கெட்டிக்கும் ரைஃபிளுக்கான பழுதுபார்ப்புக் குறிப்பில் ‘ஹெவி ட்ரிகர் புல்’ வருகிறது. ட்ரிகரும் விசை, ஃபோர்ஸும் விசை என்பதால் ‘விசையிழு விசை’ என்று எழுத நேர்கிறது. ‘இழுவை’ என்று வைத்துக்கொள்ளலாமா?

*

ஐயா, ‘இழுவை’ வேண்டாம். விரல் எவ்வளவு தூரம் இழுக்கிறது, எவ்வளவு அழுத்தி இழுக்கிறது என்ற இரண்டையும் அது குழப்பிவிடும். ஒன்றைக் குறைத்தால் மற்றது கூடுகிற இடம் இது. தராசைக் கொக்கியில் மாட்டி, கிலோவில்தான் அளக்கிறோம். ஆகவே குதிரை (ஹாமர், அடிக்கும் சுத்தி) விடுபடும் கணத்தில் தராசு காட்டுவது ‘விடுபளு’. விரல் நகரும் தூரம் ‘விசைநடை’.

விடுபளுவோடு ‘பூட்டுப்பளு’ என்ற சொல்லும் வேண்டும்: பூட்டை (லாக், குதிரையை இயக்கும் பொறி) தனியே கழற்றி வைத்து அதை விடுவிக்கத் தேவைப்படும் பளு. பழுது எங்கே என்று பிரித்துக் காட்டுவது அதுதான். முதலில் கெட்டிக்கும் கோலைக் குழலுக்குள் விட்டு, வெளியே வைத்து அளந்து, மருந்தில்லை என்று உறுதி செய்யுங்கள். பிறகு பூட்டை மரக்கட்டையிலிருந்து கழற்றி, குதிரையை முழுதாக ஏற்றி, அதைப் பிடித்து நிறுத்தும் தடுநாவின் (சியர்) கையைப் பெருவிரலால் தள்ளிப் பாருங்கள். குதிரையை மறு கையால் பிடித்தே இறக்க வேண்டும். கழற்றிய பூட்டில் அது தானாக அறைந்தால் உள்ளுறுப்பு உடையும்.

கையில் இலகுவாக விடுபட்டால் பூட்டில் குற்றமில்லை. தடுநாவின் கை மரத்தில் உரசுகிறதா, பூட்டுத் திருகாணியை அளவுக்கு மீறி முறுக்கியிருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால் விசையின் அச்சாணி தப்பான இடத்தில் இருக்கிறது. விரல் படும் இடம் ஆணியிலிருந்து 25 மி.மீ., விசை தடுநாவைத் தொடும் இடம் 12 மி.மீ. என்றால், தடுநாவைத் தள்ள வேண்டிய 4 கிலோவுக்கு விரலில் ஏறத்தாழ 2 கிலோ விழும். ஆணியைத் தடுநாவுக்கு நெருக்கி அந்த 12-ஐ 6 ஆக்கினால் 1 கிலோ போதும், விசைநடை இரட்டிக்கும்.

கழற்றிய பூட்டிலேயே கடினமாக இருந்தால்தான் வெட்டு (தடுநாவின் மூக்கு மாட்டும் பள்ளம்), அந்த மூக்கு, தடுநா வில் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். சொரசொரப்பை நுண்ணிய சாணைக்கல்லால், கோணம் மாறாமல், மெருகேற்றும் அளவுக்கு மட்டும் தேய்க்கலாம். மேற்பரப்பில் மட்டும் கடினமாக்கிய எஃகென்றால் அந்தத் தோலைத் தாண்டியதும் மூக்கு சீக்கிரம் தேய்ந்து, குதிரை தானாக விழத் தொடங்கும். அது உயிருக்கு ஆபத்து. குதிரையை அடிக்கவைக்கும் பெரிய வில்லைத் தேய்த்து மெலிய வைப்பதும் தவறு. அடி வலுவிழந்து மருந்து பற்றாது.

*

விடுபளு, பூட்டுப்பளு இரண்டையும் ஏற்கிறேன், ஐயா. இன்னொரு சொல் மிச்சமிருக்கிறது. பளுவைக் குறைக்க முழு வெட்டின் (குதிரை முழுதாக ஏறி நிற்கும் வெட்டு) ஆழத்தைக் குறைத்தால், குதிரை விழும்போது தடுநாவின் மூக்கு அரை வெட்டில் (குதிரை பாதி ஏறி நிற்கும் வெட்டு) சிக்கி உடையலாம். அதைத் தாண்ட வைக்க, குதிரையோடு சுழலும், வெட்டுகள் உள்ள சுழலியில் (டம்ளர்) பொருத்தும் சிறு துண்டை ‘ஃப்ளை’ என்கிறார்கள். ‘ஈ’ என்று பெயர்த்தால் பொருள் போய்விடும். ‘தாண்டி’ என்று எழுதியிருக்கிறேன்.

*

‘தாண்டி’ வினையெச்சமாகவும் படிக்கப்படும்: ‘வெட்டைத் தாண்டி விழும்’ என்ற இடத்தில் மயக்கம் வரும். ‘தாண்டுதுண்டு’ என்றே போடுங்கள்.