பட்டறையில் கேட்ட விசில்

நானும் என் மச்சானும் சேர்ந்து ஒரு மலையாளப் படத்தின் தமிழ் டப்பிங்கை சேலம் ஏரியாவுக்கு வாங்கி வெளியிட்டோம். சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி நான்கும் சேர்ந்ததுதான் இந்த ஏரியா. சினிமாக்காரர்களுக்கு அது சின்னத் தொகை. எங்களுக்கு வீட்டு நகை பாதி அடகுக்குப் போன தொகை.

வாங்கியதில் கொஞ்சம் ஊர்ப்பாசமும் உண்டு. மலையாளத்தின் முதல் பேசும் படமான ‘பாலன்’ 1938இல் நம்ம சேலத்து ஸ்டுடியோ மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்ததுதானே. ஏற்காடு ரோட்டில் மிச்சமிருக்கும் அந்த ஸ்டுடியோவின் நுழைவு வளைவைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும். கேரளாவிலிருந்து ஒரு நல்ல படத்தை இங்கே கொண்டு வருகிறோம் என்ற சந்தோஷம்.

டப்பிங் படத்தின் கணக்கே வேறு. பெரிய ஹீரோ படம் என்றால் முதல் மூன்று நாளிலேயே ரசிகர்கள் பணத்தைப் போட்டுவிடுவார்கள். டப்பிங் படத்துக்கு ஓப்பனிங் என்று ஒன்று கிடையாது. வெள்ளிக்கிழமை பார்த்த நாலு பேர் வெளியே போய்ச் சொல்லி, அதைக் கேட்டு அடுத்த வாரம் நாற்பது பேர் வர வேண்டும். அந்த இரண்டாவது வாரம்தான் எங்கள் பிழைப்பு. எங்கள் தமிழ்ப் பிரதி தியேட்டருக்கு வந்தது மலையாளத்தில் வெளியாகி மூன்று வாரம் கழித்து. நான்கு வாரம் முடிந்ததும் மூலப்படம் ஓடிடிக்குப் போய்விட்டது. அதாவது எங்கள் இரண்டாவது வாரமும் அதுவும் ஒன்றாக வந்தன.

அந்தத் திங்கட்கிழமை அக்கா பேத்தியின் காதுகுத்துக்குக் கொலுசு சொல்ல சிவதாபுரம் பக்கம் ஒரு வெள்ளிப் பட்டறைக்குப் போயிருந்தேன். ஐந்தாறு பேர் உட்கார்ந்து சலங்கை பற்றவைத்துக்கொண்டிருந்தார்கள். வெங்காரக் கிண்ணத்தில் சாய்த்து ஒரு போன். அதில் படம் ஓடுகிறது. யாரும் பெரிதாகத் திரையைப் பார்க்கவில்லை, கை வேலையில் இருக்கிறது, காதுதான் படத்தில். வசனம் எனக்கு மனப்பாடம். எங்கள் படம்.

எட்டிப் பார்த்தேன். படம் கண்ணாடி மாதிரி இருந்தது, ஓடிடியிலிருந்து எடுத்தது. குரல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல எதிரொலித்தது. இடைவேளைக்கு முந்தைய சண்டையில் ஒரு விசில் கேட்டது. அப்புறம் போலீஸ் ஸ்டேஷன் காட்சியில் ஒரு கைக்குழந்தை வீறிட்டு அழுதது. அந்தக் காட்சியில் குழந்தையே கிடையாது. ஏதோ ஒரு தியேட்டரில் யாரோ உட்கார்ந்து தமிழ் ஒலியை மட்டும் பதிவு செய்து, அதை மலையாளப் படத்தோடு ஒட்டியிருக்கிறார்கள். விசில் அடித்தவனும் அந்தக் குழந்தையின் அம்மாவும் டிக்கெட் எடுத்து வந்தவர்கள்.

நான் பார்ப்பதைப் பார்த்து ஒரு பையன் சொன்னான்: “சூப்பர் படம்ணே. அனுப்பட்டுமா?”

“தியேட்டர்ல ஓடுதே தம்பி.”

“தமிழ்லயா? சேலத்துலயா?”

அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்கு உண்மையிலேயே தெரியாது. ஜோடிக் கணக்கில் கூலி வாங்குகிற பிள்ளையிடம் எனக்குக் கோபம் வரவில்லை. ஒலியைத் திருடி, ஒட்டி, அதன் மேல் சூதாட்ட விளம்பரம் போட்டுக் காசு பார்க்கிறவன் மேல்தான் இன்றுவரை கோபம்.

அன்று இரவுக் காட்சிக்கு 11 டிக்கெட். கரண்ட் செலவுக்கே வரவில்லை என்று புதன்கிழமை படத்தைத் தூக்கிவிட்டார்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2004இலேயே வீடியோ திருடர்களைத் தமிழ்நாடு குண்டர் சட்டத்துக்குள் கொண்டு வந்தார்கள். 2023 ஒளிப்பதிவுச் சட்டத் திருத்தப்படி 3 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, அபராதம் 3 லட்சத்திலிருந்து படத்தின் தயாரிப்புச் செலவில் 5 சதவீதம் வரை போகலாம். திரையைக் கேமராவில் எடுத்தால், பிரதிக்குள் இருக்கும் மறை அடையாளத்தை வைத்து எந்தத் தியேட்டர், எந்தக் காட்சி என்று பிடிக்கவும் முடியும். எங்கள் விஷயத்தில் திரையையே யாரும் எடுக்கவில்லையே. ஒரு லிங்கை முடக்கினோம், சாயங்காலமே வேறு பெயரில் வந்துவிட்டது.

*

அண்ணா, நீங்கள் எழுதியதைப் படித்தேன். நான் சேலம் அம்மாபேட்டைப் பெண். இப்போது சென்னை சாலிகிராமத்தில் டப்பிங் பேசுகிறேன்.

மலையாளத்தில் அந்த நடிகை வாய் மூடும் இடத்தில் தமிழிலும் ப, ம வர வேண்டும். இல்லாவிட்டால் உதடு ஒட்டாது. “வேண்டாம்” என்று எழுதியிருந்த ஒரு இடத்தில் அவர் உதடு முதலிலேயே மூடித் திறந்தது. “போதும்” என்று மாற்றினோம். அழுகைக் காட்சி அது, 14 டேக் போனது. எங்களுக்குக் கூலி அன்றோடு சரி, ராயல்டி எதுவும் கிடையாது. அப்புறம் திருட்டில் உனக்கென்ன நஷ்டம் என்று வீட்டிலேயே கேட்டார்கள். உங்களை மாதிரி ஒருவர் கையைச் சுட்டுக்கொண்டால் அடுத்த படத்தை டப் செய்ய ஆள் வராது, அதுதான் நஷ்டம்.

இன்னொரு கொடுமையும் நடக்கிறது. தமிழ் உரிமையே விற்காத படங்களுக்குத் திருட்டுக் கும்பலே இரண்டு மூன்று பேரை வைத்துக் குரல் கொடுத்து விடுகிறது. ஹீரோவுக்கும் தாத்தாவுக்கும் ஒரே குரல். அதைக் கேட்டுவிட்டு “டப்பிங்னாலே இப்படித்தான்” என்கிறார்கள். அந்தப் பேச்சுதான் எனக்கு ரொம்ப வலிக்கிறது.

*

அண்ணா, நானும் நீங்கள் எழுதியதைப் படித்தேன். நான் ஏற்காட்டில் எஸ்டேட் பக்கம் இருக்கிறேன். தியேட்டருக்குப் போக வேண்டும் என்றால் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலம் வர வேண்டும், படம் விட்டதும் பஸ்ஸுக்கு ஓட வேண்டும். என் அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான், அதுவும் படிக்கத் தெரியாது. சப்டைட்டில் அவருக்குப் பயன்படாது. அதனால் நானும் கிடைத்ததை இறக்கிப் போட்டுக் காட்டியிருக்கிறேன். தப்புதான்.

அண்ணா, உங்கள் படம் எந்த ஓடிடியில் தமிழில் இருக்கிறது? பணம் கட்டியே அம்மாவுக்குக் காட்டுகிறேன்.

*

தம்பி, ஓடிடியில் இன்றுவரை மலையாளம் மட்டும்தான். தியேட்டரில் ஓடாத படம் என்று தமிழ் ஒலியை அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. தேடினால் தமிழில் கிடைப்பது அந்தக் குழந்தை அழுகிற பிரதி ஒன்றுதான்.